பலகையை இறக்கிவிட்டேன், அண்ணா

அண்ணா,

இந்தக் காவடித் திருவிழாவோடு, நாம் பார்த்துக்கொள்ளும் நடைபாதைப் பக்கம் நீங்கள் வராமல் மூன்று வருஷம். தாவரவியலாளர் மெட்லி வுட் பற்றி நீங்கள் எழுதி மரத்தில் அடித்த பலகையை இன்று இறக்கிவிட்டேன். கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

நான்கு இரும்பு ஆணியையும் தலை முழுக அடித்தீர்கள். "ஆடக்கூடாது தம்பி" என்று கடைசி ஆணிக்கு மட்டும் ஏழெட்டு அடி. மரம் பெருக்க இடமே இல்லை. பட்டை பலகை விளிம்பின் மேல் உதடு மாதிரி ஏறிக் கவ்வியிருந்தது. ஒரு மூலை பிளந்துதான் வந்தது. இரண்டு ஆணித் தலை உள்ளேயே போய்விட்டது, தோண்டினால் மரத்துக்குத்தான் காயம் என்று விட்டுவிட்டேன். மரத்தில்தான் மாட்டவேண்டும் என்றால் அலுமினிய ஆணி, பலகைக்கும் ஆணித் தலைக்கும் நடுவில் ஸ்பிரிங், இரண்டு விரல் இடைவெளி. மரம் தள்ளத் தள்ள ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். இனி அதுவும் வேண்டாம். தனிக் கம்பம், 60 செ.மீ. குழி, அடியில் தண்ணீர் வடியச் சல்லி.

பலகையில் உள்ள வருஷத்தையும் மாற்றுகிறேன். தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டில் வுட் அந்தச் சைக்கட்டை, பனை மாதிரி இருக்கும் அந்த மரத்தை, கண்டது 1895. நீங்கள் எழுதிய 1903, அவருடைய உதவியாளர் வைலி அதன் பக்கக்கன்றுகளை டர்பன் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்த வருஷம். இதை நான் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கக்கூடாது. மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அவர்களும் இதைப் படிப்பார்கள்.

"கிடைத்தது ஆண்மரம் மட்டும், ஜோடி இன்றுவரை இல்லை" என்ற வரி அப்படியே இருக்கும். நீங்கள் அதைப் படித்துக் காட்டினால் வாயாடிப் பிள்ளைகளும் கப்சிப்.

ஆனால் உண்ணிச்செடியை யார் பார்ப்பார்கள் என்று நினைத்துப் போனீர்கள்? சின்னதை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கலாம். தடித்ததைத் தரையை ஒட்டி வெட்டி, அந்த நிமிஷமே வெட்டுவாயில் களைக்கொல்லி மருந்து தடவவேண்டும். காய்ந்தபின் தடவினால் உள்ளே இறங்காது, அடியிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். நீங்கள் வெட்டிவிட்டு டீ குடிக்கப் போவீர்கள். அந்தத் தூர்களைத்தான் இன்னும் வெட்டுகிறேன்.

மழைத் தண்ணீரைப் பாதையிலிருந்து ஒதுக்கிவிடும் இரண்டாம் திருப்பத்துக் குறுக்குக் கட்டையையும் சாய்த்துப் போட்டேன். நேராகக் கிடந்ததால் பின்னால் மண் நிரம்பி, தண்ணீர் அதன் மேலேயே ஏறிப் பாதையை அரித்திருந்தது. தடியூன்றி வரும் பாட்டிகள் அங்கேதான் திரும்பிவிடுவார்கள்.

புதுப் பலகை 40க்கு 30 செ.மீ. எழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓரத்தில் மூன்று விரல் விட்டு எழுதுங்கள், திருகாணிக்கு இடம் வேண்டும்.