கி.மு.வையும் கி.பி.யையும் கூட்டினால் ஒன்றைக் கழியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கொங்கு நாட்டு ரோமானியக் காசுகள் பற்றி வந்த கட்டுரையில், கி.மு. 63-ல் பிறந்த ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14-ல் 77 வயதில் இறந்தார் என்று ஒரு வரி இருக்கிறது. 63-ஐயும் 14-ஐயும் கூட்டினால் 77 வரும்தான். ஆனால் அகஸ்டஸ் அவ்வளவு காலம் வாழவில்லை. கி.மு. 1 டிசம்பர் 31-க்கு மறுநாள் கி.பி. 1 ஜனவரி 1. இடையில் 0 என்று ஓர் ஆண்டு கிடையாது. இது தாங்கள் அறியாததல்ல. அறிந்தவர்கள் நடத்தும் பத்திரிகையில் இப்படி வரலாமா என்பதுதான் என் வருத்தம்.

எல்லையைத் தாண்டும்போது இரண்டு எண்களையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். 63 + 14 - 1 = 76. வயது என்றால் அதோடு நிறுத்தவும் கூடாது, மாதத்தைப் பார்க்க வேண்டும். அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பர் 23, இறந்தது ஆகஸ்ட் 19. அந்த வருடப் பிறந்தநாள் வரவில்லை. ஆகவே 75 முடிந்து 76 நடந்துகொண்டிருந்தது. அடுத்த பத்தியிலேயே, அவருக்குப் பின் ஆண்ட திபேரியஸுக்கு 79 வயது போட்டிருக்கிறீர்கள். கி.மு. 42 நவம்பர் 16-ல் பிறந்து கி.பி. 37 மார்ச் 16-ல் இறந்தவருக்கு 77தான் முடிந்திருந்தது. இரண்டு பேரரசர்களுக்கும் ஆளுக்கு இரண்டு வருடம் ஆயுளைக் கூட்டிவிட்டீர்கள்.

அதே கட்டுரையில் படம் போட்டிருந்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசைப் பாருங்கள். அகஸ்டஸின் பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்க, மேலே பூசைக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும் காசு. லியோன் நகரத்து அச்சுக்கூடத்தில் கி.மு. 2 முதல் கி.பி. 4 வரை, ஆறு ஆண்டுகளில் அடித்தது என்று படத்தின் கீழே இருக்கிறது. இந்த 6 சரி. இங்கே கேள்வி எத்தனை ஆண்டு இடைவெளி என்பதல்ல, எத்தனை ஆண்டுகளில் அடித்தார்கள் என்பது. தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் சேர்த்து எண்ணும்போது கழித்த ஒன்று திரும்பி வந்துவிடும். இடைவெளி கேட்டால் 5. ஒரே பக்கத்தில் ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் இருந்தால், படிக்கும் மாணவர் எதை விதி என்று எடுத்துக்கொள்வார்?

திருவள்ளுவர் ஆண்டு விஷயத்திலும் இதுதான் நடந்தது. கி.பி. ஆண்டோடு 31-ஐக் கூட்டும் அரசு முறை தவறு, 30-ஐத்தான் கூட்ட வேண்டும் என்று எழுதிய ஒரு வாசகர் கடிதத்தை மறுப்பில்லாமல் வெளியிட்டீர்கள். வள்ளுவர் பிறந்ததாகக் கொள்ளும் கி.மு. 31-ஐயே முதலாம் ஆண்டாக வைத்து எண்ணுவதால், 2024 தை முதல் நாளில் 2054 ஆண்டுகள் நிறைந்து 2055 பிறந்தது. கூட்டல் சரி. நான் அனுப்பிய விளக்கம் இன்றுவரை வரவில்லை.

நூற்றாண்டு விழாக்களில் உலகமே சறுக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிரேக்கர்கள் பாரசீகரை எதிர்த்து நின்ற தெர்மோபிலே போர் நடந்தது கி.மு. 480-ல். கிரீஸ் 2020-லேயே 2500 ஆண்டு நிறைவு என்று 2 யூரோ நாணயம் வெளியிட்டது. 480 + 2020 - 1 = 2499. அகஸ்டஸின் 2000-வது பிறந்தநாளுக்காக ரோமில் நடந்த கண்காட்சி 1937 செப்டம்பர் 23-லேயே திறந்தது. 2000 நிறைந்தது 1938 செப்டம்பர் 23-ல்தான். கிரேக்க அரசு தவறியது என்பதற்காக நீங்களும் 2020-ல் அப்படியே 'சரியாக 2500 ஆண்டுகளுக்கு முன்' என்று எழுத வேண்டுமா?

பிழை எங்கே நுழைகிறது என்பதும் தெரிந்ததே. எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாக ஏற்பதில்லை. அதனால் கி.மு. 63-ஐ -63 என்று தட்டிவிட்டு 14-லிருந்து கழிக்கிறார்கள், 77 வந்து விழுகிறது. வானியலாளர்கள் போல கி.மு. 1-ஐ 0 என்றும், கி.மு. 63-ஐ -62 என்றும் போட்டால் கணக்கு தானாகவே 76 என்று வரும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. தோராயமான காலத்துக்கு ஒன்றைக் கழிப்பதில் அர்த்தமில்லை. சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தபோது 3,200 ஆண்டுத் தொன்மை என்றார்கள். கணக்கிட்டால் 3175. கார்பன் கணிப்பில் முன்பின் பல பத்தாண்டுகள் இருக்கும், ஆகவே முழு எண்ணாகச் சொன்னதே முறை. ஆனால் கீழடிச் செய்தியில் கி.மு. 580 என்பதை '2,604 ஆண்டுகளுக்கு முன்' என்று நீங்கள் போட்டது முறையல்ல. சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங் இறந்த கி.மு. 210-ஐ 'மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம்' என்றதும் அப்படித்தான். கி.மு.வில் அந்த நூற்றாண்டு 300-ல் தொடங்கி 201-ல் முடிகிறது, 210 அதன் கடைசிப் பகுதி. ஆட்சியாண்டுகளிலும் பெரிய எண்தான் முதலில் வரும். அசோகருக்கு 268-232 என்று எழுதி அனுப்பினால் அச்சில் 232-268 ஆகிவிடுகிறது.

வகுப்பில் இதைத் திருத்தினால், பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே ஐயா என்று பிள்ளைகள் உங்கள் பக்கத்தை நீட்டுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அதே இணைப்பிதழில் அகஸ்டஸ் 75, திபேரியஸ் 77 என்று திருத்தம் வெளியிடுங்கள். மெய்ப்பு பார்ப்பவர் மேசையில் 'இடைவெளி என்றால் கூட்டி ஒன்று கழி, வயது என்றால் மாதம் பார், இரு முனையும் சேர்த்து எண்ணினால் கழிக்காதே' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்,
கரூர்.