ஐம்பது வயது ஆகும்வரை

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

"அந்த அம்பாசிடரை இன்னும் எதற்கப்பா வைத்திருக்கிறீர்கள், விலை கேட்டு ஆள் வரும்போதே கொடுத்துவிடலாமே" என்று போன வாரம் போனில் கேட்டாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஆரம்பித்தால் நடுவில் பேரன் வந்துவிடுகிறான். அவனோடு பேசிய பிறகு எனக்கு வேறு பேச்சு ஓடுவதில்லை.

விலை கேட்டு வந்தவர் கொடைக்கானல் போகும் வழியில் ஓட்டல் கட்டுகிறார். வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்த வேண்டுமாம். எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தேவையென்றால் நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் ஓடுகிற வண்டியை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்றைக்குக் காளவாசலிலிருந்து தெப்பக்குளம் வரை போய்த் திரும்பினாலும் ஓர் அம்பாசிடர்கூடக் கண்ணில் படுவதில்லை. நீ பள்ளிக்கூடம் போன நாட்களை நினைத்துப் பார். ரயில் நிலையத்துக்கு எதிரே வாடகைக்கு நின்றவற்றில் முக்கால்வாசி அம்பாசிடர்தான். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டி நிற்கும். சித்திரைத் திருவிழாவுக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் ஒரு வண்டியிலிருந்து பத்துப் பேர் இறங்குவார்கள். முன் சீட் ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். அதனால் டிரைவரோடு சேர்த்து முன்னாலேயே நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். டிரைவர் கதவோரம் ஒருக்களித்தபடி மேலூர் வரை ஓட்டிக்கொண்டு போவார். கொடைக்கானல் என்றால், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். டம்டம் பாறை அருகே நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி அருவியைக் காட்டிவிட்டு, சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்புவோம். அதை யாரும் கோளாறு என்று நினைத்ததில்லை.

டாக்டர்கள் பெரும்பாலும் ஃபியட் வைத்திருந்தார்கள். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த வண்டி. பிற்பாடு பத்மினி என்று பெயர் மாறியது. வக்கீல்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் சிலரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. அது நம் தமிழ்நாட்டு வண்டி, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் செய்தார்கள். அதன் பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் எழுந்து நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் மெக்கானிக்கின் முதுகை நினைத்துச் செய்தது அது ஒன்றுதான். கடைசியாக ஒரு ஹெரால்டுக்கு நான் எப்போது பிளக் மாற்றினேன் என்று யோசிக்கிறேன், நினைவுக்கே வரவில்லை. கடைசி முறை என்று அப்போது தெரிந்திருந்தால் கொஞ்சம் நின்று பார்த்திருப்பேன்.

இவை எப்படிப் போயின என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். 1998-ல் டாடாவின் இண்டிகா கார் வந்ததும் வாடகைக் கார் ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக டீசல் இண்டிகாவுக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் அம்பாசிடர் லிட்டருக்கு ஒன்பது, பத்துக் கிலோமீட்டர்தான் கொடுக்கும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர் வேறு என்ன செய்வார்? பத்மினி உற்பத்தி 2000-த்தையொட்டி நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்ந்தது. 2014 ஜனவரியில் மாருதி 800 நின்றது, அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடர் செய்த உத்தர்பாரா ஆலையும் நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் ஒரு பிரெஞ்சு கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு ரத்து என்று சட்டம் வந்தது. அலுவலக வேப்பமரத்தடியில் காற்றிறங்கி நின்ற வெள்ளை வண்டிகளும் அத்தோடு பழைய இரும்புக்குப் போயின.

நீ கேட்டதற்கு என் பதில் இதற்குப் பிறகுதான் வருகிறது, பாப்பா.

அரிய கார்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. மில் முதலாளிகளும் ஜமீன்தார்களும் வைத்திருந்த வெளிநாட்டு வண்டிகளைத் துடைத்துப் பாதுகாக்க ஆள் இருக்கிறது. கோயம்புத்தூரில் கார்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. எல்லோரிடமும் இருந்த வண்டிக்குத்தான் ஆள் இல்லை. இன்னொருவர் வைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். மாருதி 800 மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்று நம் தெருவில் ஒன்று உண்டா? எதிர் வீட்டு ஆசிரியர் வைத்திருந்ததும் போன ஐப்பசி மழையில் தரைத்தகடு இற்று, எடைக்குப் போய்விட்டது. உப்புக் காற்று படும் ராமேஸ்வரம், தூத்துக்குடி வண்டிகளைவிட நம் ஊர் வண்டிகளுக்குத் துரு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஓட்டாமல் மழையில் நிறுத்தினால் எந்த ஊரிலும் வண்டி நிலைக்காது.

சட்டக் கணக்கையும் பார். 15 ஆண்டு ஆன கார் அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. 2025-ல், 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனி. அதே நேரம், 2021-ல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் உருவத்தில் இருக்கும் காரை வின்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆக, 50 வயது வண்டிக்கு அரசாங்கமே மரியாதை தருகிறது. 15-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் வண்டி யாருக்கும் வேண்டாத வண்டி. புதிதும் இல்லை, புராதனமும் இல்லை. விலை கிடையாது, செலவு உண்டு, வீட்டில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல். ஹெரால்டும் பத்மினியும் மாருதியும் அழிந்தது இந்த முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில்தான். உயிரோடு அதைக் கடந்த வண்டிகளைத்தான் பிற்பாடு எல்லோரும் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

நம் வண்டி 1984-ல் பதிவானது, அம்பாசிடரில் மார்க் ஃபோர் என்ற மாடல். 1991-ல் ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரி ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். அந்தப் பழைய மூன்று எழுத்து எண்தான் இன்னும் ஓடுகிறது. 2024-ல் புதுப்பித்தேன், 2029-ல் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், 2034-ல் அதற்கு ஐம்பது. அதுவரை அதை ஓடுகிற நிலையில் வைத்திருக்கப் போகிறேன். இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில்.

அந்த வண்டி நம் குடும்பத்துக்கு மட்டும் ஓடவில்லை என்பதும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல்தான். அதற்கு முன்னால் நடு இரவில் யாருக்காவது வலி கண்டால் நம் வாசல் கதவைத்தான் தட்டுவார்கள். பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, சில சமயம் விடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு வருவேன். உன் அம்மா பிளாஸ்கில் காபி போட்டு முன் சீட்டில் வைத்துவிடுவாள். இன்று நம் தெருவில் பைக் ஓட்டித் திரியும் பையன்களில் இரண்டு மூன்று பேர் அந்தப் பின் சீட்டில் பயணம் செய்த பிறகு பிறந்தவர்கள்தான்.

புகையைப் பற்றி மாப்பிள்ளை சொன்னது நியாயம். பழைய வண்டிகள் எல்லாம் தினமும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். புது வண்டி நல்ல வண்டி. பிரேக் பிடித்த இடத்தில் நிற்கிறது, விபத்தில் உயிரைக் காக்கிறது. அம்பாசிடரின் டிரம் பிரேக்கை நம்பி இன்றைய நான்குவழிச் சாலையில் நூறில் போகச் சொன்னால் நானே இறங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோயில் வரை போய் வருகிறேன், அவ்வளவுதான். புகைச் சோதனைச் சான்றிதழ் தவறாமல் வாங்குகிறேன், மாப்பிள்ளையிடம் சொல்.

வண்டியைவிட வேகமாக மறைவது அதன் வேலை தெரிந்த ஆட்கள். டிங்கரிங் பார்க்க வருவாரே, மணல் மூட்டை மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டியே மட்கார்டு எடுப்பாரே, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான். கெட்டிக்காரப் பையன், ஆனால் அப்பாவின் சுத்தியலைத் தொட்டதில்லை. பட்டறையில் இப்போது இருக்கும் தம்பி ஸ்கேனரைச் செருகிப் பார்த்து எந்தச் சென்சார் போயிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். எனக்கு அது வராது. ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, இடைவெளி வைப்பது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதலில் எனக்காகத்தான் கற்றுக்கொண்டான். இப்போது எஞ்சின் ஐடிலில் லேசாகத் தடுமாறினாலே, "ஐயா, டைமிங் கொஞ்சம் தள்ளியிருக்கிறது" என்று சொல்கிறான். கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது. வண்டி நின்றுபோனால் அவன் இதை எதில் கற்பான்?

இனி உன்னால் ஆக வேண்டிய காரியம்.

நம் அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரீஸ். நீ இப்போது இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டில், கவுலி என்ற இடத்தில்தான் அதைச் செய்தார்கள். மோரிஸ் என்பவர் 1913-லேயே அந்த ஊரில் கார் செய்ய ஆரம்பித்தவர். இப்போது அங்கே மினி கார் செய்கிறார்கள். நீ பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருப்பாய். அங்கே 40 ஆண்டு ஆன காருக்குச் சாலை வரி கிடையாது, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. அதனால் பழைய வண்டிகளை ஆட்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள், பழைய பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கும் கடைகளும் இருக்கின்றன. நம் வண்டியில் இருப்பது பி சீரீஸ் என்ற வகை 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதே எஞ்சினைப் போட்டு அங்கே எம்.ஜி.ஏ. என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வந்தது. அதற்கு மதிப்பு அதிகம் என்பதால் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாகம் சுலபமாகக் கிடைக்கும்.

இங்கே பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு போடும் விவசாயிக்கு நாலு காசு கிடைக்கும் என்றால் நல்லதுதான். ஆனால் பழைய ரப்பரை அது தின்றுவிடுகிறது. போன மாதம் பெட்ரோல் ஹோஸ் உப்பி வெடித்து, சூடான எஞ்சின் மேல் சொட்டியது. பற்றிக்கொள்ளும் முன் பார்த்துவிட்டோம். கடையில் புதிதென்று கொடுத்ததும் ஒரு மாதத்தில் பிசுபிசுத்துவிட்டது. எனவே எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் இரண்டு மீட்டரும், எஞ்சின் மேல்பாதியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் செட் ஒன்றும் வேண்டும். ஹோஸின் உள் விட்டத்தைத் தம்பி அளந்து, படத்தோடு உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். கேஸ்கெட்டை மடக்காமல், துணிகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கொண்டுவா.

விலை அதிகமாக இருந்தால் இப்போதைக்கு ஹோஸ் மட்டும் போதும், கேஸ்கெட்டை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அப்பா