இகேடாவின் கொல்லைப்புறக் கொட்டகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரை, ஒசாகாவை அடுத்த இகேடாவிலுள்ள கப் நூடுல்ஸ் அருங்காட்சியகத்தைக் குழந்தைகளுக்கான பொழுதுபோக்கு இடம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டது. அண்மையில் பள்ளித் தோழர்கள் சிலர் சேர்ந்து அங்கே போய்வந்தோம். எல்லோரும் எழுபதை நெருங்குகிறவர்கள். எங்கள் வயதுக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் அது.

நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே, வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்த மோமோஃபுகு ஆண்டோ தன் வீட்டுக் கொல்லையில் போட்டிருந்த கொட்டகையை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். மாவு, வாணலி, சில்லறைத் தட்டுமுட்டுச் சாமான்கள், அவ்வளவுதான். அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் 1957-இல் நொடித்துப்போய், வீட்டைத் தவிர எல்லாம் கைவிட்டுப் போன நிலையில் இங்கேதான் உட்கார்ந்து உழைத்திருக்கிறார். மனைவி டெம்புரா (மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் ஜப்பானியப் பண்டம்) பொரிப்பதைப் பார்த்து வழி பிறந்தது. சூடான எண்ணெயில் போட்டதும் நூடுல்ஸின் ஈரம் ஆவியாகி வெளியேற, நுண்ணிய துளைகள் விழுகின்றன. பிறகு வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகளில் நீர் புகுந்து மறுபடி மெத்தென்று ஆகிவிடுகிறது. 1958 ஆகஸ்ட் 25-இல் அந்த உடனடி நூடுல்ஸ் கடைக்கு வந்தபோது ஆண்டோவுக்கு வயது 48.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் பசி. போர் முடிந்த ஒசாகாவில், ஒரு கிண்ணம் ராமெனுக்காக (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) மக்கள் குளிரில் வரிசை கட்டி நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையை ரொட்டியாக்கிச் சாப்பிடும்படி அரசு சொல்ல, நூடுல்ஸாக்கினால் என்ன என்று கேட்டவர் அவர். இதைக் கேட்டதும் எங்கள் பேச்சு ரேஷன் கடைக்குப் போய்விட்டது. 1960-களின் நடுவில் அரிசித் தட்டுப்பாட்டின்போது பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் நாங்கள். எங்கள் வீடுகளுக்கும் அமெரிக்கக் கோதுமைதான் வந்தது. சோறு தின்று பழகிய குடும்பத்தில் அதை வைத்து அம்மா என்னென்ன செய்து பார்த்தார் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டோம்.

பிறகுதான் எல்லோரும் விரும்பும் கப் தயாரிக்கும் கூடம். கோப்பையில் நாமே படம் வரையலாம். கைப்பிடியைச் சுற்றினால், கவிழ்ந்திருக்கும் கோப்பை நூடுல்ஸின் மேல் இறங்கி அதோடு சேர்ந்து நிமிர்கிறது. நூடுல்ஸைக் கோப்பைக்குள் போடாமல், கோப்பையை நூடுல்ஸின் மேல் கவிழ்ப்பது! 1971-இல் வந்த கப் நூடுல்ஸின் சூட்சுமமே இதுதான். அடியில் படியாமல் நடுவில் இறுகி நிற்பதால் நூடுல்ஸ் நொறுங்குவதில்லை. சூப் நான்கில் ஒன்று, மேலே தூவுவதற்குப் பன்னிரண்டில் நான்கு என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மொத்தம் 5,460 வகையாகச் சேர்க்க முடியும். சைவ நண்பர் கோப்பையில் தன் பேத்தியின் முகத்தை வரைந்து, மூடியை ஒட்டி வாங்கிக்கொண்டதோடு சரி. சூப்பில் இறைச்சி உண்டு என்பதைச் சைவர்கள் மனதில் வைக்கவும்.

அடுத்த முறை இகேடாவைப் பற்றி எழுதும்போது, தயவுசெய்து அந்தக் கொட்டகைக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.