தப்பு என்று சொன்னவர்களுக்கு

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை மாலையோடு முடிந்தது. படங்களை இறக்கி, பழைய போர்வைகளில் சுற்றி, டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதிலேயே திங்கள் முழுக்கப் போய்விட்டது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. எட்டு நாள், 46 படங்கள். 1984இல் பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தது முதல் நான் போட்டவற்றில் மிஞ்சியவை. வந்தவர்களுக்கு, மழையால் பாதி வழியில் திரும்பியவர்களுக்கு, வருகைப் பதிவேட்டில் 'பயமா இருக்கு அங்கிள்' என்று எழுதிவிட்டுப் போன ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு, எல்லோருக்கும் நன்றி.

திறப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்ததும் நான் சொதப்பிவிட்டேன். மேடையில் இருந்த பெரியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது, சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை. சாவையும் உடம்பையும் சாமியையும் வரைகிறவன் என்று நாற்பது வருடமாகச் சொல்லித் திரிகிறேன். இந்த மூன்றையும் என்னைவிட நன்றாகத் தெரிந்த சிலர் அவ்வப்போது என் படத்தைப் பார்த்து 'இது தப்பு' என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதலில் மாடல் அக்கா. பெயர் போட வேண்டாம் என்று அவர் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. அதனாலோ என்னவோ, உடம்பைப் பார்த்துப் படிப்பது அங்கே பெரிய பாடம். லைஃப் ஸ்டடி வகுப்புக்கு அக்கா சூளையிலிருந்து நடந்தே வருவார். இருபது நிமிடம் அசையக் கூடாது, ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி இருபது நிமிடம். கையைத் தூக்கி வைத்தால் தோள் நடுங்கும், காலை மடக்கினால் மரத்துப்போகும். கொடுத்ததோ மணிக்கணக்குக் கூலி. முதல் நாள் நாங்கள் பதினெட்டுப் பேரும் கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழித்தோம். "சும்மா பாத்துக்கினே நிக்காத. கைய எங்க வெக்கணும்னு சொல்லு" என்று அவர்தான் வகுப்பை ஆரம்பித்துவைத்தார்.

கல்லூரியை விட்ட பிறகும் அவரிடம் போய்க் கேட்டேன். 1988, 2003, 2016 என்று மூன்று முறை, அதே முக்காலியில் அதே மாதிரி உட்கார்ந்தார். சிசேரியன் தழும்பு, வெயில்பட்ட முன்கை, வெயில்படாத தோள், முதுகில் இறங்கிவந்த கூன். 'மூன்று அமர்வு' என்று நீங்கள் நுழைவாசலில் பார்த்தது அதுதான். மூன்றாவது பலகை முடிந்ததும் அழைத்துக் காட்டினேன். தழும்பைப் பற்றியோ தொங்கிய வயிற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். "மெட்டி போட்டு வரைஞ்சிருக்க. அதான் கழட்டிட்டேனே" என்றார். அவர் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் காலைப் பார்க்காமலே 2003 படத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்காத நான்தான் உடம்பை வரைகிறவன்! மெட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் விரலில் விழுந்திருந்த வெளுத்த பள்ளத்தை வரைந்தேன். கண்காட்சியில் நிறையப் பெண்கள் அந்த விரல் எதிரே நின்றதைப் பார்த்தேன். அக்கா இதைப் பார்க்க இல்லை. 2021இல் போய்விட்டார்.

அப்புறம் கண்ணம்மாபேட்டை மயானத்தில் வேலை பார்த்த அண்ணன். தொண்ணூறுகளின் கடைசியில் நண்பன் ஒருவனை அங்கே கொண்டுபோனோம். அதற்குப் பிறகு நோட்டோடு நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். விரட்டுவார்கள் என்று நினைத்தேன், அவர் ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார். இப்போது சென்னையில் பெரும்பாலும் எரிவாயு மேடைதான். மூட்டம் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வறட்டியை அடுக்கி உடம்பைக் கிடத்தி, மேலே மறுபடி வறட்டியும் வைக்கோலும் பரப்பி, களிமண்ணைக் குழைத்து மேலே மெழுகிவிடுவார்கள். இரவெல்லாம் உள்ளேயே கனன்று, காலையில் பால் தெளிக்க வரும்போது சாம்பலும் எலும்பும் இருக்கும்.

நான் வரைந்து கொண்டுபோனதில் தீ நாக்கு நாக்காக எழுந்து வானத்தை நக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "இது சினிமாத் தீ சார். மூட்டத்துல தீயே தெரியாது. மண்ணு காஞ்சு வெடிக்கும். அந்த வெடிப்புக்குள்ள சேப்பு தெரியும், அவ்ளோதான். புகையும் இப்படி நெட்டுக்குப் போவாது, ஓரமா கசியும்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு ஏழு வருட வேலை கிடைத்தது. பலகையில் வெள்ளைச் சுண்ணத் தூளும் பசையும் கலந்து அடித்தளம் பூசும்போது பசை கூடிவிட்டால், காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். அப்படி வெடிக்காமல் பூசுவது எப்படி என்றுதான் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அடியில் காவியும் சிவப்பும் பூசிவிட்டு, வேண்டுமென்றே பசையைக் கூட்டி வெடிக்க விட்டேன். எந்த வெடிப்பு எங்கே ஓடும் என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. 1999 முதல் 2006 வரை 'மூட்டம்' வரிசையில் பதினொரு படம். ஒரு கேலரிக்காரர் பார்த்துவிட்டு, "பொணத்த எவன் சார் ஹால்ல மாட்டுவான்?" என்று திருப்பி அனுப்பினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, பதினொன்றில் இன்றுவரை இரண்டுதான் விற்றிருக்கிறது.

அண்ணன் என்னிடம் ஒருநாளும் பணம் வாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். பையன் கல்லூரியில் படிக்கிறான், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் இதற்குமேல் அவரைப் பற்றி எழுத மாட்டேன். அவர் சொல்லிக்கொடுத்ததை வரைந்ததற்கு எனக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்னும் பையிலேயே வைத்திருக்கிறேன்.

படம் விற்காத அந்த வருடங்களில் என்னைத் தாங்கியதில் எனக்கு அறிமுகமே இல்லாத மூன்று ஓவியர்களுக்கும் பங்கு உண்டு. கல்கத்தாவின் கணேஷ் பைன், 1946 கலவரத்தில் ஒன்பது வயதுப் பையனாக, பிணங்கள் ஏற்றிய வண்டியையும் அதில் கிடந்த ஒரு பெண்ணின் கழுத்தில் மின்னிய சங்கிலியையும் பார்த்தவர். வாழ்நாள் முழுக்க அந்த இருட்டையும் அந்த மினுக்கத்தையும் டெம்பராவில் போட்டுக்கொண்டிருந்தார். பரோடாவின் பூபேன் கக்கர், பகலில் கணக்கெழுதிப் பிழைத்துக்கொண்டே ஓவியர் ஆனவர். கடைசியில் புற்றுநோய் வந்தபோது குடல், ரத்தம், கழிப்பறை எதையும் மறைக்காமல் வரைந்துவிட்டு 2003இல் இறந்தார். லண்டன் டேட் மாடர்ன் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது 2016இல். நம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்து ராமானுஜம், தொப்பி போட்ட தன்னையே தன் மசிக் கோட்டு மாயக் கோட்டைகளுக்குள் நடக்கவிட்டவர். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய கோடுகளை முதன்முதலில் பார்த்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

டெம்பரா என்றதும் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி நினைவுக்கு வருகிறார். முட்டையின் மஞ்சள் கருவில் நிறத்தூளைக் குழைத்துப் போடுவதுதான் டெம்பரா. மெட்ராஸ் வெயிலில் மத்தியானமே நாற ஆரம்பித்துவிடும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மாதக் கடைசியில் கடனுக்கு முட்டை கொடுத்தவர் அவர். வெள்ளைக் கருவெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆம்லெட். இன்றைக்கும் மஞ்சள் இல்லாத ஆம்லெட்டுக்கு அவர்கள் வீட்டில் 'பெயின்டர் ஆம்லெட்' என்றுதான் பெயர்.

திருவாலங்காட்டில் எனக்கு ஓர் ஓதுவார் கிடைத்தார். காரைக்கால் அம்மையாரை வரைய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. புனிதவதியாகப் பிறந்து, மாங்கனிக்குப் பிறகு கணவன் விலகிப்போனதும், இந்தச் சதை வேண்டாம் பேய் உருவம் கொடு என்று கேட்டு வாங்கியவர். தன்னையும் ஒரு பேயாக வைத்து, வற்றிய மார்பையும் புடைத்த நரம்பையும் குழிவிழுந்த வயிற்றையும் கூச்சமில்லாமல் பாடியவர். ஆறடிக் கேன்வாஸில் அவரைப் போட்டிருந்தேன். விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கோயிலில் போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன். ஓதுவார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அம்மைக்கு என்ன, வயித்து வலியா? அவங்க பாடிக்கிட்டில்ல இருக்காங்க. வாயைத் திறந்து போடுங்க" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே, நட்டபாடைப் பண்ணில், அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டைப் பாடினார். நான் நோட்டை மூடிவிட்டேன். உங்களுக்கு சாமி நம்பிக்கை உண்டா என்று கண்காட்சியில் நாலைந்து பேர் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மத்தியானம் நோட்டை மூடினேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுவாரம் கங்கைகொண்டசோழபுரம் போனேன். அங்கே ஆடுகிற பெருமானின் காலடியில், ஓரமாக, எலும்பெடுத்த உடம்போடு அம்மையார் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். மாணவனாக இருந்தபோது இதே சிற்பத்தைப் பென்சிலில் எடுத்திருக்கிறேன். பழைய நோட்டைத் தேடிப் புரட்டினேன். எலும்பையெல்லாம் எண்ணி வரைந்திருக்கிறேன், தாளத்தை விட்டிருக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் உதவியவர்கள் இல்லாவிட்டால் இந்த 46 படமே இல்லை. ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்தோம். 2ஆம் தேதி விடிவதற்குள் அடையாற்றுத் தண்ணீர் மார்பு வரை வந்துவிட்டது. தெருப் பையன்கள் நாலு பேர் கேன்வாஸ்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். மேல்வீட்டு அம்மா பூஜை அறையைத் திறந்துவிட்டார். வீட்டில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். அத்தனையும் அம்மணப் படங்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு எப்போதும்போல விளக்கேற்றினார். மூன்றாம் நாள் மட்டும், "அந்த வயசான பொம்பளை படத்த இப்படித் திருப்பி வையி, பாவம், எவ்ளோ நேரம் செவுத்தப் பாத்துக்கினு இருப்பா" என்றார். நனைந்தவற்றை வெயிலில் காயவைக்கப் போனவனைப் போனிலேயே திட்டித் தடுத்த அருங்காட்சியக நண்பருக்கும் நன்றி. நிழலில் படுக்கவைத்து, உறிஞ்சுதாள் மாற்றி மாற்றி வைத்ததால்தான் வண்ணம் உதிராமல் நின்றது. பதினேழு படம் போயே போய்விட்டது. அதைப் பற்றி எழுத இன்றைக்கு மனமில்லை.

அம்மாவின் கடைசி நாட்களில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் சிஸ்டருக்குத் தனியாக. 2009இல் அம்மாவைத் தினமும் வரைந்துகொண்டிருந்தேன். பதினோராம் நாள் ராத்திரி சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். முழங்காலில் வலை பின்னியது போல நீலம் படர்ந்திருந்தது. "சார், நிறம் மாறிடுச்சு. இனிமே நேரம் கிடையாது. நோட்டக் கீழ வெச்சுட்டு அம்மா கையப் பிடிங்க." அந்த வரிசை ஏன் பத்தாம் நாளோடு நிற்கிறது என்று வெள்ளிக்கிழமை ஒரு தம்பி கேட்டார். அப்போது மழுப்பிவிட்டேன். இதுதான் தம்பி காரணம்.

கடைசியாக என் அக்கா. மாயவரத்திலிருந்து சனிக்கிழமை ரயிலேறி வந்திருந்தார். 1993இல் அப்பா இறந்த காலையில், சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள் அவர் முகத்தைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பத்தே நிமிடத்தில் வரைந்தேன். அக்கா பார்த்துவிட்டார். நாலு வருடம் என்னோடு பேசவில்லை. அதை வைத்துப் போட்ட எண்ணெய் ஓவியத்தை இத்தனை வருடம் யாருக்கும் காட்டியதில்லை, இந்த முறைதான் மாட்டினேன். அக்கா அதன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "அப்பாவுக்கு மூக்கு இவ்வளவு கூரா இருக்காதுடா" என்றார்.

நான் விளக்கினேன். உயிர் போகும்போது கன்னமும் நெற்றிப்பொட்டும் உள்வாங்கும், மூக்கு கூராகத் தெரியும், ஹிப்போகிரட்டஸ் காலத்திலிருந்தே மருத்துவர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி. ஆனா அப்பாவுக்கு இருக்காது."

திங்கட்கிழமை அந்த ஒரு படத்தை மட்டும் போர்வையில் சுற்றவில்லை. முன் சீட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்து ஈஸலில் நிறுத்தியிருக்கிறேன். அக்கா தை மாதம் வருகிறார், அப்பாவின் கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு.