எட்டு வாரம் பசித்திருக்கும் கட்டில்கள்: எங்கள் பங்குத்தந்தையருக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பல பங்குகள் சேர்ந்த எங்கள் மறைவட்டத்துப் பங்குத்தந்தையர் அனைவருக்கும் தோத்திரம்.

குருத்தோலை ஞாயிறன்று திருப்பலி முடிவில் வாசித்த அறிவிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். "இந்த மாத முதல் வெள்ளி புனித வெள்ளியாக இருப்பதால் நோயாளிகளுக்கு வீட்டில் நன்மை கொடுப்பது கிடையாது, அடுத்த மாதம் வழக்கம்போல் நடைபெறும்." நன்மை என்றால் நற்கருணை, திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக மாறும் அப்பம்; கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு அது மாதத்தின் முதல் வெள்ளியன்று மட்டும்தான் வீடு தேடி வருகிறது. அந்த அறிவிப்பு ஒரே வாக்கியம். அதை அடுத்துப் பாஸ்கா மெழுகுதிரி காணிக்கை பற்றிய அறிவிப்பு வந்துவிட்டது. கோயிலில் இருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை, ஏனென்றால் அது யாரைப் பற்றியதோ அவர்கள் கோயிலில் இல்லை.

நாள்காட்டியைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள், சுவாமி. 2026 மார்ச் 6 முதல் வெள்ளி. ஏப்ரல் 3 முதல் வெள்ளி, அதுவே புனித வெள்ளி. மே 1 அடுத்த முதல் வெள்ளி. மார்ச் 6 அன்று நன்மை வாங்கிய ஒரு நோயாளிக்கு அடுத்த நன்மை 56 நாள் கழித்து. இடையில் உயிர்ப்புப் பெருவிழாவே வந்து போய்விட்டது. ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் உயிர்ப்பு விழாவைத் தொடரும் பாஸ்கா காலத்தில், நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 920ஆம் எண் ஒவ்வொரு கத்தோலிக்கருக்கும் கடமை வைத்திருக்கிறது. நடக்க முடிந்தவர்களுக்கு அதை நாற்பது நாளும் பிரசங்கத்தில் நினைவூட்டினோம். நடக்க முடியாதவர்களுக்கு உயிர்ப்பு ஞாயிறன்று தொலைக்காட்சித் திருப்பலிதான் மிச்சம்.

இதில் வேதனை என்னவென்றால், ரத்து செய்ய வேண்டிய அவசியமே இல்லை. புனித வெள்ளியன்று மற்ற எல்லாரும் ஆண்டவருடைய திருப்பாடுகளின் வழிபாட்டில் மட்டுமே நன்மை வாங்கலாம். அதில் பங்கேற்க முடியாத நோயாளிகளுக்கு மட்டும் அன்று எந்த நேரத்திலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று திருப்பலிப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. அதற்கு முந்தின நாள், ஏப்ரல் 2, பெரிய வியாழன் மாலைத் திருப்பலியிலேயே இன்னொரு வாய்ப்பும் இருந்தது. அன்று நன்மை கொடுக்கும் நேரத்தில், வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்காகப் பீடத்திலிருந்தே நற்கருணையைத் திருத்தொண்டரிடமோ நற்கருணைப் பணியாளரிடமோ குரு ஒப்படைக்கலாம் என்று அதே புத்தகம் அந்த நாளுக்குரிய ஒழுங்கில் எழுதி வைத்திருக்கிறது. நற்கருணையை ஏற்படுத்திய இரவில் திருச்சபை முதலில் நினைத்துக்கொள்வது படுக்கையில் கிடப்பவர்களைத்தான். பெரிய சனியன்று மட்டும்தான் கட்டுப்பாடு; அன்றுகூடச் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவு, அதாவது கடைசி நற்கருணை, கொடுக்கலாம். 2021இலும் ஏப்ரல் 2 இதேபோல் முதல் வெள்ளியும் புனித வெள்ளியுமாக வந்தது. எதிர்பாராமல் வந்த சிக்கல் என்று இதைச் சொல்ல முடியாது.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு ஞாயிறும், பங்கின் திருப்பலிப் பீடத்திலிருந்து நேராக, வீட்டோடு முடங்கிய ஒவ்வொருவருக்கும் நற்கருணை போய்ச் சேர வேண்டும். மாதம் ஒருமுறை போதாது.

உங்கள் சுமை எங்களுக்குத் தெரியாததல்ல. தாய்ப்பங்கில் இரண்டு பலி, கிளைப்பங்குகளில் இரண்டு மூன்று, நடுவில் மறைக்கல்வி, திருமணம், அடக்கம். ஒரே குருவானவர் ஞாயிற்றுக்கிழமை முப்பது வீடு ஏற முடியாது. இதை அறிந்துதான் புனித ஆறாம் பவுல் காலத்தில், 1973 ஜனவரி 29 அன்று, குருக்களல்லாத பொதுநிலையினரை நற்கருணைப் பணியாளராக நியமிக்கத் திருச்சபை வழி திறந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் பங்குகளில் ஆயரின் அனுமதிக் கடிதம் பெற்ற அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் இருக்கிறார்கள். திருவிழாவன்று கூட்டத்துக்கு நன்மை கொடுக்க அவர்களைக் கூப்பிடுகிறீர்கள். கூட்டம் பத்து நிமிடம் சீக்கிரம் கலைய அவர்கள் உதவுகிறார்கள். அவர்களுடைய பணியில் முதன்மையானது எதுவோ, அதற்குத்தான் அழைப்பே வருவதில்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. கிறிஸ்து பிறந்து 155 ஆண்டு வாக்கில் ரோமையில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டில் பகிர்ந்ததை வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் எடுத்துச் சென்றார்கள் என்று பதிந்திருக்கிறார். அன்று ஞாயிறு வழிபாடு என்பதே, வராதவர் வீட்டுக்கும் நற்கருணை போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிந்தது. பீடச் சிறாருக்குப் பாதுகாவலர் என்று படம் மாட்டி வைத்திருக்கிறோமே புனித தர்சீசியுஸ், அவர் நற்கருணையைச் சுமந்து போகும் வழியில்தானே உயிரைக் கொடுத்தார்!

நடைமுறையைச் சொல்கிறோம். அண்டை வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு அன்பியத்திலும் வெளியே வர முடியாதவர்களின் பெயர், வீடு, விழுங்கும் நிலை, கூடவே இருந்து கவனிப்பவர் யார் என்பதை ஒரு தாளில் எழுதிச் சனிக்கிழமை மாலை, கோயில் பணிவிடை செய்யும் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். அவர் அந்த எண்ணிக்கைக்குச் சிறிய அப்பங்களைத் தனித் தட்டில் வைப்பார். அவை அந்தத் திருப்பலியிலேயே வசீகரம் செய்யப்படும், அதாவது நற்கருணையாக அர்ச்சிக்கப்படும். நன்மை கொடுத்து முடிந்ததும் குருவானவர் எண்ணிச் சிமிழ் என்னும் சிறு மூடிப் பெட்டியில் வைத்து, நன்றி மன்றாட்டுக்குப் பிறகு எல்லாரும் பார்க்கப் பணியாளர் கையில் கொடுத்து அனுப்பலாம். சபை முழுவதும் அவர்கள் போவதைப் பார்க்க வேண்டும். வாராவாரம் அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு நற்கருணை என்னவென்று தனியாக வகுப்பு எடுக்கத் தேவையிராது.

ஒரு சிமிழில் பத்துப் பன்னிரண்டு அப்பம் கொள்ளும். வீட்டுக்கு 15 முதல் 20 நிமிடம். முப்பது நோயாளிக்கு ஆறு பணியாளர், ஆளுக்கு ஐந்து வீடு. ஏழு மணிப் பூசை எட்டேகாலுக்கு முடிந்தால் பத்தரைக்குள் கடைசி வீடும் ஆகிவிடும். வீட்டில் வெள்ளைத் துணி விரித்த சிறிய மேசை, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சமாதான வாழ்த்து, பாவ மன்னிப்பு வேண்டல், அன்றைய நற்செய்தியில் சில வரிகள், கர்த்தர் கற்பித்த செபம், நன்மை, சிறிது நேர மௌனம், முடிவு மன்றாட்டு. இதைச் சுருக்கி, வாசற்படியில் நின்றபடியே நாக்கில் வைத்துவிட்டு வண்டியை எடுப்பது மாத்திரை விநியோகம் போல் ஆகிவிடும்.

எங்கே தவறுகிறது என்பதும் தெரிந்ததுதான். சிமிழைச் சட்டைப்பையிலும் வண்டியின் டேங்க் கவரிலும் வைத்துக்கொண்டு போகிறார்கள். கழுத்தில் தொங்கும் பையில், நெஞ்சோடு இருக்க வேண்டும். நற்கருணை வைத்திருக்கும் இடத்திலிருந்து நோயாளி வீட்டுக்குக் கூடுமானவரை நேராகப் போக வேண்டும், இடையில் வேறு அலுவல் கூடாது என்று 2004இல் வத்திக்கான் வெளியிட்ட ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும் ஆவணத்தின் 133ஆம் எண் சொல்கிறது. நோயாளி தூங்குகிறார் என்றால் மகளிடம் அப்பத்தைக் கொடுத்து, "எழுந்ததும் கொடுங்கள்" என்று விட்டுவருகிறார்கள். அது கூடவே கூடாது. வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை. காத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் நற்கருணைப் பேழைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

வாய் உலர்ந்தவருக்கு முழு அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், இருமல் வரும். சிறு துண்டு போதும். அதிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார். முதலில் ஒரு கரண்டி தண்ணீர், பிறகு துண்டு, மீண்டும் ஒரு கரண்டி. தப்பி வெளியே வந்துவிட்டால் பதற்றப்படாமல் தண்ணீரில் இட்டு, முழுவதும் கரைந்த பிறகு கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும், சாக்கடைக்குப் போகும் தொட்டியில் அல்ல. கட்டியாக எதையுமே விழுங்க முடியாதவருக்குத் திருஇரத்தம், அதாவது அர்ச்சித்த திராட்சை இரசம், மட்டும் கொடுக்கச் சட்டத்தின் 925ஆம் எண் இடமளிக்கிறது. சிந்தாதபடி மூடிய பாத்திரத்தில் கொண்டுபோய்ச் சில துளிகள், மீந்ததைப் பணியாளரே பருகிப் பாத்திரத்தைத் தூய்மை செய்ய வேண்டும். தொண்டைப் புற்றுநோயில் கிடக்கும் எத்தனை பேரிடம் இப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லியிருக்கிறோம்?

நோன்பு விஷயம் இன்னும் மோசம். முதல் வெள்ளி காலையில் சாமியார் வருவார் என்று சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பதினொரு மணிவரை காத்திருந்து மயங்குகிறார்கள். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் நன்மைக்கு முந்தின ஒரு மணி நேர நோன்பு பொருந்தாது. 919ஆம் எண், மூன்றாம் பிரிவு. 1983இலிருந்து சட்டம் இதுதான். பூசையில் ஒருமுறை அறிவித்திருந்தால் போதும்.

கவனித்துக்கொள்பவர் என்றோமே, எங்களை அதிகம் உறுத்துவது அவர்தான். பக்கவாதத்தில் கிடக்கும் மாமியாரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாத மருமகள். மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்திருக்கும் தாய். வீட்டுக்கு நற்கருணை வருகிறது, அவர்தான் மேசை போடுகிறார், மெழுகுதிரி ஏற்றுகிறார், தலையணையை உயர்த்திப் பிடிக்கிறார், "ஆமென்" சொல்லப் பழக்குகிறார். சிமிழில் ஓர் அப்பம்தான் இருக்கிறது. நோயாளிக்குக் கொடுத்து மூடிவிடுகிறார்கள். முழந்தாளில் இருந்த அந்தப் பெண் எழுந்து தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறார். அவர் கோயிலுக்கு வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கொடுக்கத் தடையேதுமில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். இரவில் நான்கு முறை எழுந்து படுக்கை மாற்றும் ஒருத்திக்கு ஆன்ம உணவு வேண்டாமா? இனி எந்த வீட்டுக்கும் எண்ணிக்கை சொல்லும்போது கவனிப்பவரையும் சேர்த்தே சொல்ல உத்தரவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். குடும்பமும் சமூகமும் கொண்ட விசுவாசத்தில் அறிவுத்திறன் குன்றியோரும் நற்கருணை பெறலாம் என்று பதினாறாம் பெனடிக்ட் 2007இல் எழுதியிருக்கிறார்.

பட்டியல் எடுக்க ஆளில்லை என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கோயில் வரி எந்தக் குடும்பம் எத்தனை ஆண்டு பாக்கி என்று நம்மிடம் துல்லியமான ஏடு இருக்கிறது. அடக்கத்துக்கு மணி அடிப்பதற்கு முன் அந்த ஏட்டைத் திறந்து பார்க்கும் பங்குகளும் இருக்கின்றன. தேருக்கு விளக்கு, வாணவேடிக்கை, நுழைவாயிலில் ஆளுயர ஃபிளெக்ஸ் எல்லாவற்றுக்கும் குழு போடுகிறோம். செத்தவனின் பாக்கி தெரிகிற பங்குக்கு, உயிரோடு கிடக்கிறவனின் பசி தெரியவில்லை என்றால் அது வெட்கக்கேடு. மன்னியுங்கள், சுவாமி. கோபம் உங்கள் ஒருவர்மேல் மட்டுமல்ல. பங்குப் பேரவைகளில் உட்கார்ந்து அந்தக் குழுக்களுக்குக் கைதூக்கியவர்களில் எங்களில் பலரும் உண்டு.

முதல் வெள்ளியை விட்டுவிடச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கவும் நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் கொடுக்கவும் குருவானவரால் மட்டுமே முடியும், அதற்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். "சாமியார் கையால்தான் வாங்குவேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர்களிடமும், அந்த வருகையில் பணியாளரைக் கூட்டிப்போய் நீங்களே ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். மற்ற ஞாயிறுகளுக்கு அவர்கள் போதும்.

வழியுணவு பற்றியும் ஒரு வார்த்தை. நோயில்பூசுதலுக்கு இருந்த பழைய அவஸ்தைபூசுதல் என்ற பேரின் பயம் இன்னும் போகவில்லை. சாமியாரைக் கூப்பிட்டால் ஆள் போய்விடுவார் என்று நினைவு தப்பும்வரை வீட்டார் காத்திருக்கிறார்கள். பிறகு ஐ.சி.யூ. கதவு. எண்ணெய் பூசலாம், நற்கருணை கொடுக்க முடியாது. ஆனால் சாகிறவருக்குத் திருச்சபை வைத்திருக்கும் கடைசி அருளடையாளம் வழியுணவுதான். 325இல் கூடிய நிசேயாச் சங்கமே அதை யாருக்கும் மறுக்கக் கூடாது என்றது. நோயாளி முழு நினைவோடு இருக்கும்போதே கிடைக்கும்படி ஆன்ம மேய்ப்பர்கள் கவனிக்க வேண்டும் என்கிறது 922ஆம் எண். வாரந்தோறும் ஒருவர் போய்ப் பார்க்கும் வீட்டில் இந்தத் தாமதம் நேராது. சாப்பாடு குறைகிறது, பேச்சு குழறுகிறது என்று அந்த ஞாயிறே உங்களுக்குச் செய்தி வந்துவிடும். பாலைவனத்தில் சாகட்டும் என்று படுத்துவிட்ட எலியாவை வானதூதர் இரண்டு முறை தட்டி எழுப்பி அப்பம் கொடுத்தார், போக வேண்டிய வழி நீண்டது என்பதால்.

ஆகவே மீண்டும் பணிந்து கேட்கிறோம். மே 24, தூய ஆவி பெருவிழாவோடு பாஸ்கா காலம் முடிகிறது. அதற்குள் வீட்டில் முடங்கிய ஒவ்வொருவரும், அவரைக் கவனிப்பவரும், பாஸ்கா நன்மை வாங்கியிருக்க வேண்டும். ஜூன் 7 கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழா. அன்று மாலை நற்கருணைப் பவனி போகும் தெருக்களில், சன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட மட்டும் முடிகிறவர்கள் இருக்கிறார்கள். காலைத் திருப்பலியிலேயே பணியாளர்களைப் பீடத்துக்கு அழைத்துச் சிமிழ்களைக் கொடுத்து அனுப்புங்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே நடக்கட்டும். அன்பியவாரியாகப் பட்டியல் ஜூன் 6 சனிக்கிழமை மாலை கோயில்பிள்ளைகள் கையில் இருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பு.

இறைமகன் அன்பில்,
மறைவட்டப் பங்குகளின் அன்பியப் பொறுப்பாளர்களும் நற்கருணைப் பணியாளர்களும்