கேப்பு எங்கே?

சத்துவாச்சாரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள கன்னியப்பா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டப்போவதை எல்லாம் நானே திட்டிக்கொண்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் நலம். இலவம்பாடி முள்ளுக்கத்தரி சந்தைக்கு வந்துவிட்டது, உன்னைத்தான் காணோம். சுந்தரம் உன் குடையைத் தரமாட்டானாம். காரணம் உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய ஜவ்வாது மலைத் துப்பாக்கிக் கொலை வழக்கின் தடய ஆய்வறிக்கையை இரண்டு தடவை படித்தேன். அறிக்கையில் குறையில்லை. ‘இவ்வகைத் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டிருக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். குற்றப்பத்திரிகைக்குப் போனதும் அது ‘இந்தத் துப்பாக்கியால் சுட்டான்’ என்று ஆகிவிட்டது. ‘இவ்வகை’க்கும் ‘இந்த’வுக்கும் நடுவில்தான் உன் கட்சிக்காரன் நிற்கிறான். நீயோ போலீஸ் மகஜரில் தேதிப் பிழை தேடிக்கொண்டிருக்கிறாய்!

ரைஃபிள் என்றால் கதை வேறு. குழாயின் உள்சுவரில் புரி வெட்டியிருக்கும். பழைய .303இல் பெரும்பாலும் 5 பள்ளம், இடப்பக்கச் சுழற்சி. அந்த எண்ணிக்கையும் அகலமும் ரகத்தை மட்டுமே சொல்லும். புரி வெட்டிய கருவியின் தேய்மானமும் பிறகு ஏறிய துருவும் குண்டில் இழுத்த நுண்கீறல்கள்தான் இன்ன துப்பாக்கி என்று காட்டும். 1920களில் நியூயார்க்கில் துப்பாக்கித் தடய ஆய்வாளர் கால்வின் கோடார்டும் கூட்டாளிகளும் இந்த வேலைக்குக் கொண்டுவந்த ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரண்டு குண்டையும் ஒரே பார்வையில் பக்கம்பக்கமாக வைத்து, கோட்டோடு கோடு ஓடுகிறதா என்று பார்ப்பார்கள்.

உன் வழக்கில் இருப்பது வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கி. புரியே கிடையாது. கரிமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ அடைத்துக் கம்பியால் இடித்து, பால்ரஸைப் போட்டு, அது உருண்டு விழாமல் மேலே இன்னோர் அடைப்பு. சைக்கிள் பால்ரஸ் கடினமேற்றிய எஃகு. குழாய் சாதாரண இரும்பு. கீறினால் குழாய்தான் கீறும். ஈயக் குண்டாயிருந்தால் கீறல் விழும், ஆனால் குண்டுகள் ஒன்றோடொன்று மோதி நசுங்கிய தட்டைகள்தான் மிகுதி. போதாததற்கு ஒவ்வொரு வெடிக்கும் குழாயில் கரி படிகிறது. அடுத்தடுத்துச் சுட்ட இரண்டு சோதனைக் குண்டுகளே தங்களுக்குள் ஒத்துவராதபோது, பிணத்திலிருந்து எடுத்ததை எதோடு ஒப்பிடுவது?

‘சுடப்பட்ட துப்பாக்கி’ என்ற வரியைப் பார்த்தும் பயப்படாதே. குழாயில் மருந்துக் கழிவு இருந்தால் எப்போதோ சுட்டது என்று பொருள். நேற்றா, போன தையிலா என்று அது சொல்லாது.

சொல்லக்கூடியது கேப்புதான். அடித்ததும் பொறி கக்கி மருந்தைப் பற்றவைக்கிற, கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லாத செம்புத் தொப்பி. அதை நிப்பிள் மேல், அதாவது குழாயின் அடியில் துளையோடு நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனைமேல், மாட்டுகிறான். விசையை இழுத்ததும் துப்பாக்கியின் சுத்தியல் வந்து அடிக்கிறது. சுத்தியல் முகத்தின் அரத் தழும்புகள் மேல்பக்கம் பதியும், நிப்பிளின் விளிம்பு உள்பக்கம் பதியும். மலையில் இவற்றை எல்லாம் கையால் ராவித்தான் செய்கிறார்கள், அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று அமைவது அரிது. தொழிற்சாலைச் சரக்காயிருந்தால், ஒரே கருவியில் அடுத்தடுத்து வந்த பாகங்களில் ஒரே மாதிரி வரிகள் தொடர்ந்து வந்து ஏமாற்றும். கைவேலையில் அந்தத் தொல்லை குறைவு. சோதனைக்கு மருந்துகூட வேண்டாம். வெறும் கேப்பை மாட்டி மூன்று தடவை அடித்து, மூன்றும் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே சம்பவ இடத்துக் கேப்பைப் பக்கத்தில் வைக்க வேண்டும். பல சமயம் கேப்பு சிதறிவிடும், அப்போது ‘முடிவு சொல்ல இயலாது’ என்று எழுதுவதே நாணயம். நிப்பிளிலேயே ஒட்டிக் கிடக்கும் கேப்பால் வழக்குக்குப் பயனில்லை. மறுபடி கெட்டிப்பதற்காகச் சுட்டவன் பிடுங்கிப் போட்டானே, தரையில் கிடக்கும் அதுதான் சாட்சி.

அடைப்பையும் விட்டுவிடாதே. வாய்க்கு எதிரே சில கெஜத்துக்குள் விழும். கிழித்த துணியாயிருந்தால், மீதித் துணி யார் வீட்டுக் கொடியில் தொங்குகிறது என்று கிழிசலைப் பொருத்தியே சொல்லிவிடலாம்.

அரசு நிபுணரின் அறிக்கை, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 329இன் கீழ் அப்படியே சாட்சியமாக உள்ளே வந்துவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காராதே, நிபுணரை அழைக்கச் சொல்லி மனுப் போடு. எத்தனை சோதனைக் குண்டு சுட்டார், ஒப்பீட்டுப் படம் இருக்கிறதா, இன்னொருவர் தனியாகப் பார்த்தாரா, ‘இவ்வகை’ என்றால் மலையில் எத்தனை துப்பாக்கி அடங்கும்? நான்கே கேள்வி. உன் வழக்கமான நாற்பது வேண்டாம், நீதிபதி தூங்கிவிடுவார்.

இப்போது விளையாட்டை விடு. நீ அனுப்பிய காகிதக் கட்டில் படிவம் 95இன், அதாவது கைப்பற்றிய பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும் பட்டியலின், நகலும் இருந்தது. அதில் நான்காவது வரியில் ‘நசுங்கிய செம்புத் துண்டு – 1, மரத்தடியில்’ என்று இருக்கிறது. ஆய்வறிக்கையில் அந்தத் துண்டே இல்லை. யாரும் ஆய்வுக்கு அனுப்பவில்லை. அது கேப்பாயிருந்தால், உன் ஆளை விடுவிக்கக் கூடியதும் அதுதான், மாட்டிவிடக் கூடியதும் அதுதான். கோர்ட்டில் நின்று ‘கேப்பு எங்கே?’ என்று நீ வாயைத் திறப்பதற்கு முன், அவனைத் தனியாக உட்காரவைத்து உண்மையைக் கேள். கேட்டுவிட்டு எனக்குப் போன் போடு, ராத்திரி எத்தனை மணியானாலும்.

வரும்போது ஆற்காட்டு மக்கன்பேடா, மறக்காதே.

உன்,
தணிகாசலம்