'ஐ திங்க்' போட்டால் தெரியாது என்று அர்த்தமா?

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் வந்தது. மாடி வேலை ஒருவழியாக முடிந்ததில் சந்தோஷம். உன் பெண் ஆபீசுக்கு எழுதிய இங்கிலீஷ் மெயிலைப் படித்துவிட்டு நீ கொதித்திருப்பதுதான் எனக்குச் சிரிப்பு. "நாலு வரியில் மூன்று இடத்தில் 'ஐ திங்க்', 'ப்ராபப்ளி'. தெரிந்தால் தெரியும் என்று எழுதணும், இல்லையென்றால் சும்மா இருக்கணும்" என்கிறாய்.

உன் கடை பில்லையே எடுத்துப் பார். அடியில் பொடி எழுத்தில் 'ஈ அண்ட் ஓஈ' என்று இருக்கும். அது ஏதோ வரிக் கணக்கு என்று நீ நினைத்திருந்தாய். 'எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட்' என்பதன் சுருக்கம் அது. கணக்கில் பிழையோ விடுதலோ இருந்தால் பின்னால் திருத்திக்கொள்வோம் என்று பொருள். ஆக, நீயும் முப்பது வருடமாக 'ஐ திங்க்' போட்டுத்தான் பில் கிழித்துக் கொடுக்கிறாய். 'விற்ற சரக்கு திரும்ப வாங்கப்பட மாட்டாது' என்பதில் மட்டும்தான் உனக்கு ஐயமே கிடையாது.

நானும் முன்பு உன் கட்சிதான். போன வருடம் ஒரு மருத்துவக் கையேட்டை மொழிபெயர்த்தேன். ஒரு பயிற்சி மூட்டுவலியைக் குறைக்க 'மே ஹெல்ப்' என்று இருந்தது. அந்த 'மே' எனக்குக் கல்லாக உறுத்தியது. எடுத்துப் போட்டுவிட்டு 'குறைக்கும்' என்று எழுதினேன், வாக்கியம் ஜோராக ஓடியது. சரிபார்த்த டாக்டரம்மா போன் செய்தார். "குறைக்கும்னு நீங்க உத்தரவாதம் தர்றீங்களா சார்?"

சரி என்று பயந்துபோய் 'மே' வந்த இடத்திலெல்லாம் '-லாம்' போட்டேன். அப்புறம்தான் பெரிய வம்பு. 'சில நோயாளிகள் பாதியில் மருந்தை நிறுத்தலாம்' என்று ஒரு வரி. நர்சுகளுக்கான எச்சரிக்கை அது, கவனமாக இருங்கள் என்று. தமிழில் படித்தால் நாமே அனுமதி கொடுத்தது மாதிரி இருக்கிறது! 'நிறுத்திவிடக்கூடும்' என்று மாற்றிய பிறகுதான் தூக்கம் வந்தது. இங்கிலீஷ் 'மே'வுக்கும் இதே இரட்டைக் குணம் உண்டு, அங்கேயும் அனுமதியும் ஐயமும் ஒரே சொல்லில்தான் குடியிருக்கின்றன.

ஆனால் இப்படி ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. 1951இல் அமெரிக்க உளவுத் துறையான சிஐஏ ஓர் அறிக்கை எழுதியது. அந்த ஆண்டு யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடப்பது 'சீரியஸ் பாசிபிலிட்டி' என்றது அது. எழுதிய குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட்டிடம் வெளியுறவுத் துறைக்காரர் ஒருவர், அப்படியென்றால் எவ்வளவு என்று கேட்டார். நூற்றுக்கு 65 என்றார் கென்ட். கேட்டவர் அதைவிட ரொம்பக் குறைவாக நினைத்திருந்தாராம், ஆடிப்போனார். பிறகு கென்ட் தன் சகாக்களையே விசாரித்தார். ஒருவர் மனதில் 20, இன்னொருவர் மனதில் 80. எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒப்புக்கொண்ட அதே வாக்கியம்! தாக்குதல் நடக்கவே இல்லை, அது வேறு கதை. கென்ட் கடைசியில் 'ப்ராபபிள்' என்றால் 75, முன்னே பின்னே 12 என்று சொல்லுக்குச் சொல் விலைப்பட்டியலே போட்டார். யாரும் கடைப்பிடிக்கவில்லை என்று 1964இல் வருத்தப்பட்டு எழுதினார்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'யுவர் மைலேஜ் மே வேரி'. அமெரிக்காவில் கார் விளம்பரங்களில் பெட்ரோல் கணக்கைப் போட்டுவிட்டு, உங்கள் வண்டிக்கு வேறு மாதிரியும் வரலாம் என்று அடியில் போட்ட வரி. இன்று தோசைக்கல் பழக்குவது முதல் தூக்க மாத்திரை வரை எதற்கும் சொல்கிறார்கள்: எனக்கு இப்படி வந்தது, உன் பாடு வேறாக இருக்கலாம்.

'இன் மை ஹம்பிள் ஒபினியன்' மட்டும் எனக்கு ஆகாது. அதைச் சொல்லித் தொடங்குகிறவர் அடுத்த வரியில் பணிவாக எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. நம் அவையடக்கம் மாதிரிதான் அது. கம்பர் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்றார். தன்னைத்தான் குறைத்துக்கொண்டார், பாட்டில் ஒரு வரியையும் குறைக்கவில்லை. 'சம் பீப்பிள் சே' இன்னும் மோசம், பேச்சின் பொறுப்பை ஊர் தலையில் கட்டிவிட்டு நழுவுவது.

உன் பெண் எழுதியதை மறுபடி படி. 'சரக்கு வியாழக்கிழமை ப்ராபப்ளி வரும், நான் சென்னை டிப்போவிடம் மட்டும்தான் கேட்டேன்' என்றுதானே எழுதியிருக்கிறாள்? எங்கே வரை பார்த்தாள், எங்கே பார்க்கவில்லை என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த 'மட்டும்தான்' ஒன்றுக்காகவே அவளுக்கு நான் சம்பளம் கூட்டுவேன். 'ஐ திங்க்' மூன்றில் ஒன்றை வேண்டுமானால் எடுக்கச் சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ கொடுத்தனுப்பிய முழங்கால் தைலத்தைப் பத்து நாளாகத் தடவுகிறேன். இடது காலுக்கு மட்டும், ராத்திரியில் மட்டும். வலி குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் அதே பத்து நாளாக மாடிப்படியும் ஏறவில்லை. வலது காலைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்